கத்தாத, கடிக்காத, நாறாத பிராணி

பள்ளியில் பிராணிகள் வளர்க்கலாம் என்ற யோசனை எங்கள் தாளாளர் அம்மாவுக்கு ஒரு கோடை விடுமுறையில் வந்தது. மகன் வீட்டுக்கு வெளிநாடு போயிருந்தார். அங்கே பேத்தி படிக்கும் பள்ளியில் குழந்தைகள் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக் கொஞ்சுவதைப் பார்த்திருக்கிறார். ஜூனில் நடந்த முதல் ஆசிரியர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்.

"நம்ம ஸ்கூல்லயும் ஒரு பெட் கார்னர் வரணும். இந்தக் காலத்துப் பசங்களுக்குக் கருணையே இல்ல. அது வரணும்."

அடையாறில் இருந்த அந்தப் பள்ளியில் நான் அப்போது மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என்ன பிராணி வாங்குவது என்று அரை மணி நேரம் பேசினோம். பாட்டு டீச்சர் கிளி என்றார். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் வனத்துறை பிடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். கோழி என்றார் விளையாட்டு ஆசிரியர். காலை வழிபாட்டின்போது கூவும் என்று அது தள்ளுபடியானது. ஆடு நாறும். நாய் கடிக்கும். மீனைத் தொட்டுக் கொஞ்ச முடியாது.

கடைசியில் தாளாளர் அம்மா தன் மனத்தில் இருந்ததைச் சொன்னார். "கத்தக் கூடாது, கடிக்கக் கூடாது, நாறக் கூடாது. போட்டோல நல்லா விழணும்."

"அப்போ பொம்மைதான் மேடம் வாங்கணும்" என்றார் ஓவிய ஆசிரியர். எல்லோரும் சிரித்தோம். தாளாளர் அம்மாவும் சிரித்தார். முயல் என்று முடிவானது. வெள்ளை முயல்.

வாங்கப் போனது நானும் விளையாட்டு ஆசிரியரும். கடையில் ஒரு கம்பிப் பெட்டிக்குள் இருபது முப்பது முயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தன. கடைக்காரர் கையை விட்டு, காதைப் பிடித்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். ஒன்றின் முதுகில் சாம்பல் நிறப் புள்ளி இருந்தது. வேண்டாம் என்றோம். இன்னொன்றுக்குக் கண்ணில் பீளை. அதையும் வேண்டாம் என்றோம். வேண்டாம் என்றதையெல்லாம் அவர் பெட்டிக்குள் திரும்பப் போட்ட விதத்தை நான் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

"மூணும் பொட்டைங்க மேடம், குட்டி போடாது. கியாரண்டி" என்றார்.

சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே, கம்பி வலை அடித்து ஒரு கூண்டு கட்டியிருந்தார்கள். திறப்பு விழா நடந்தது. குழந்தைகள் கேரட் மாலை போட்டார்கள். முதல் வாரமே மூன்றில் ஒன்று வயிறு வீங்கிச் செத்தது. கேரட், முட்டைகோஸ், கிரீம் பிஸ்கட், உருளைக்கிழங்கு சிப்ஸ் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை காலைக்குள் அதே அளவில் இன்னொரு வெள்ளை முயல் கூண்டுக்குள் வந்துவிட்டது. பிள்ளைகளில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

கூண்டின் பொறுப்பு என்னிடம் வந்தது. உண்மையில் வேலை செய்தது எங்கள் மாடியின் ஆயா. ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து வருபவர், முப்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அவர் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போகிறவர். இவர்களின் ஒரே மகள் என் வகுப்பில்தான் படித்தாள், ஏழைப் பிள்ளைகளுக்கென்று சட்டப்படி ஒதுக்கும் இடத்தில் சேர்ந்தவள். பள்ளிக்குள் அம்மா அவளிடம் பேச மாட்டார். நடைவழியில் எதிரெதிரே வந்தால் அவள் "குட்மார்னிங் ஆயாம்மா" என்பாள், மற்றப் பிள்ளைகள் சொல்வது போலவே.

ஆயாவுக்கு முயல்களைப் பிடிக்காது. "பெரிய எலி மாதிரி கீது. இத்தப் போய்க் கொஞ்சினுகீறாங்க" என்பார். ஆனாலும் தினமும் காலையில் புல் அறுத்துக்கொண்டு வந்தார், புழுக்கையைப் பெருக்கினார், வெயில் ஏறினால் தகரத்தின் மேல் நனைத்த சாக்கைப் போட்டார். மகள் கூண்டுப் பக்கம் போகாத நாள் கிடையாது. வலைக்குள் விரலை விட்டுக்கொண்டு மணி அடிக்கும்வரை நிற்பாள்.

கடைக்காரர் சொன்ன மூன்று பொட்டைகளில் ஒன்று ஆண். தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபோது ஒரு முயல் தன் நெஞ்சு மயிரைப் பிய்த்து மூலையில் குவித்திருந்தது. மறுநாள் குட்டிகள். செய்தி பரவி, முழு வகுப்புகளாக வரிசை கட்டி வந்து பார்த்தார்கள். வலையைத் தட்டினார்கள், டார்ச் அடித்தார்கள், கூவினார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். பெற்றோருக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று அலுவலகத்திலிருந்தே ஒருவர் வந்து கூண்டைத் திறந்து குட்டிகளைக் கையில் எடுத்தார். அன்று மதியம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய் முயல் குட்டிகளைத் தின்றது. தலையிலிருந்து ஆரம்பித்தது. ஒரு பையன் என்னிடம் ஓடிவந்து, "மிஸ், அது அதோட பாப்பாவைச் சாப்பிடுது" என்றான். அவன் முகத்தில் பயம்கூட இல்லை. வேகமாக வந்து பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டான்.

தாளாளர் அம்மா கூண்டுக்குத் திரை போடச் சொன்னார்.

அடுத்த ஈற்றில் குட்டிகள் பிழைத்தன. அதற்கடுத்த ஈற்றிலும். ஆணைத் தனியாகப் பிரிக்க இன்னொரு கூண்டு கேட்டேன். பார்க்கலாம் என்றார்கள். பிப்ரவரிக்குள் கூண்டு நிரம்பிவிட்டது. வளர்ந்த குட்டிகளில் பாதிக்கு மேல் திட்டுத் திட்டாகச் சாம்பல் நிறம். ஒன்றுக்கு இடது காது மடிந்து கன்னத்தில் தொங்கியது. பிள்ளைகளுக்கு அதுதான் செல்லம்.

குட்டிகளை வீட்டுக்குக் கொடுத்துப் பார்த்தோம். அபிராமபுரத்திலிருந்து வரும் ஒரு பெண்ணின் வீட்டில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, செருப்பு டப்பாவில் போட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்பினார்கள். வீடெல்லாம் மூத்திர நாற்றம் என்றார்களாம். கொட்டிவாக்கத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் விட்டிருந்த குட்டியைக் காக்கைகள் கொத்திப்போட்டன. அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகள் போன பிறகு, தாளாளர் அம்மா கூண்டைப் பார்க்க வந்தார். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். நானும் ஆயாவும் பக்கத்தில் நின்றோம்.

"வெள்ளையா இருக்கறத மட்டும் வெச்சுக்கலாம். மத்ததெல்லாம் எடுத்துடு."

"எங்க எடுத்துன்னு போறது மேடம்?" என்றார் ஆயா.

"எங்கயாவது விட்டுடு."

"ரோட்ல உட்டா நாய் இஸ்துன்னு போயிடும் மேடம்."

"அது உன் பாடு. எங்க, என்னன்னு எங்கிட்ட வந்து சொல்லாத. திங்கக்கிழமை நான் வரும்போது இருக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கடைக்காரரிடமே திருப்பிக் கொடுக்கலாமே என்றேன். அவர் காரை நோக்கி நடந்துகொண்டே, "டீச்சர், உங்க க்ளாஸ் ரிசல்ட்டப் பாருங்க" என்றார். ஆயா இரண்டு கோணிப் பைகளை எடுத்துவந்தார். உள்ளே போட்டபோது முயல்கள் சத்தமே போடவில்லை. ஆட்டோவில் ஏறுவதற்குமுன் அவரைக் கேட்டேன், என்ன செய்யப் போகிறீர்கள் என்று.

"நாய்க்குப் போடறத்துக்கு மனுசன் துன்னலாம் டீச்சர்" என்றார்.

பரம்பரையாகச் சைவம் சாப்பிடும் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அவர் சொன்னதில் தப்பு தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் என் வகுப்பில் பிள்ளைகள் எழுந்து வாரக் கடைசியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தயக்கம் போகட்டும் என்று நானே ஏற்படுத்திய வழக்கம் அது. ஒருத்தி கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் நீந்தியதைச் சொன்னாள். ஒருத்தி சபாவில் அக்காவின் கச்சேரியைச் சொன்னாள். ஆயாவின் மகள் பெரும்பாலும் எழுந்திருக்க மாட்டாள். அன்று கையை உயர்த்திக்கொண்டே இருந்தாள்.

"எங்க வீட்ல நேத்து முயல் கொழம்பு. ஸ்கூல் முயலு. அம்மா மொளகு அரைச்சு வெச்சிச்சு. பெரிப்பா வீட்டுக்குலாம் குடுத்தோம். எல்லாரும் வந்தாங்க."

முதல் பெஞ்சில் ஒரு பெண், படிப்பிலும் பாட்டிலும் முதலாவது, எல்லா ஆசிரியர்களுக்கும் செல்லம், திரும்பி உட்கார்ந்து கேட்டாள். "எந்த முயல்? காது மடிஞ்சதா?"

"அதும்தான். அதுலதான் கறி ஜாஸ்தி" என்றாள் இவள். பெருமையோடுதான் சொன்னாள்.

யாரோ அழ ஆரம்பிக்க, மொத்த வகுப்பும் அழுதது. ஒரு பையன் மேஜைமேல் வாந்தி எடுத்தான். இவள் நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள். என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரியவில்லை. நான் எழுந்து போய் அவள் தோளில் கை வைத்து, "நீங்க சிக்கன் சாப்பிடறதில்லையா, அது மாதிரிதான்" என்று வகுப்புக்குச் சொன்னேன். சிக்கன் சாப்பிடும் பிள்ளைகள்தான் அதிகமாக அழுதார்கள்.

அந்த அழுகை மதியத்துக்குள் வேறாக மாறியது. அவளுக்கு முயல்தின்னி என்று பெயர் வைத்தார்கள். அவள் உட்காரும் பெஞ்சில் இருந்த இரண்டு பேரும் எழுந்து சுவரோரம் போய் நின்றார்கள். எழுதுகோல் கீழே விழுந்தால் அவள் எடுத்துக் கொடுத்ததை வாங்கித் துடைத்துக்கொண்டார்கள். நான் திட்டினேன், இடம் மாற்றினேன், கதை சொன்னேன், கெஞ்சியும் பார்த்தேன். எட்டு வயதுப் பிள்ளைகள். என் முன்னால் தலையாட்டிவிட்டு, நான் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் இரண்டு விரலைத் தலைக்குமேல் காதுபோல ஆட்டினார்கள்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, சாப்பாட்டு நேரத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தபோது அவளைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. அவளுடைய டிபன் பாக்ஸில் தயிர்சாதம். முயல் கூண்டிலிருந்து வாரிக்கொண்டு வந்த புழுக்கையை அதன்மேல் தூவியிருந்தார்கள். முதல் பெஞ்சுப் பெண்ணின் கையில் இன்னும் கொஞ்சம் மீதி இருந்தது.

"இதையும் தின்னு. முயல்தானே?" என்றாள் அவள். குரலை உயர்த்தக்கூட இல்லை.

நான் கத்திக்கொண்டே போவதற்குள் ஆயாவின் மகள் விரலால் புழுக்கைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டாள். மேலாக ஒரு கரண்டி சாதத்தை எடுத்து மூடியில் வைத்தாள். அடியில் இருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தாள். டப்பாவைப் பிடுங்கினேன். "பசிக்குது மிஸ்" என்றாள். என் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தை அவளிடம் கொடுத்தேன். அவள் சாப்பிடுவதை மற்றவர்கள் நின்று பார்த்தார்கள்.

முதல் பெஞ்சுப் பெண்ணைத் தலைமையாசிரியையிடம் அழைத்துப் போனேன். அதன் பலன் மறுநாள் தெரிந்தது. அவள் அப்பா, அம்மா, கூட இன்னும் சில பெற்றோர். தாளாளர் அம்மாவின் அறையில் நாற்காலி போதாமல் போனது. அந்தப் பெண் செய்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. அவள் மனம் உடைந்திருக்கிறது, இரவில் தூக்கமில்லை, முயல் முயல் என்று பிதற்றுகிறாள், அதனால்தான் அப்படி நடந்துகொண்டாள் என்றார் அவள் அம்மா.

"கருணை சொல்லித் தரோம்னு சொல்லித்தானே சேர்த்துக்கிட்டீங்க?" என்றார் அவள் அப்பா. "ஒரு பக்கம் முயலக் கொஞ்சச் சொல்றீங்க. இன்னொரு பக்கம் உங்க ஸ்டாஃபே அதை அறுத்துத் தின்றாங்க."

ஆயாவைக் கூப்பிட்டார்கள். கதவோரம் வந்து நின்றார்.

"நான் உங்கிட்ட அதுங்கள விடத்தானே சொன்னேன்? கொல்லச் சொன்னேனா?" என்றார் தாளாளர் அம்மா.

நான் சொன்னேன். "எங்கன்னு எனக்குச் சொல்லாதன்னு நீங்க சொன்னீங்க மேடம். நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். நாய் தின்னா உங்களுக்குச் சம்மதம். இவங்க தின்னது மட்டும்தான் தப்பா?"

அறையில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். தாளாளர் அம்மா பெற்றோர் பக்கம் திரும்பி, மிக மென்மையாக, "டீச்சர் கொஞ்சம் எமோஷனலா இருக்காங்க" என்றார். அவர்களில் இரண்டு பேர் புரிகிறது என்பதுபோலத் தலையசைத்தார்கள்.

"டீச்சர், உடுங்க" என்றார் ஆயா. "நீங்க பேசப் பேசத்தான் பெரிசாவுது."

அன்றோடு அவரை நிறுத்திவிட்டார்கள். குழந்தை தொடர்ந்து படிக்கலாம் என்றார் தாளாளர் அம்மா. "நாங்க என்ன ராட்சசங்களா?" ஆயாவின் மகள் பிறகும் சில நாள் வந்தாள். யாரோடும் பேசாமல் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாள். கூண்டுப் பக்கம் மட்டும் போகப் பார்த்தாள். அங்கே அவளை விடக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவு இருந்தது. அப்புறம் வருவது நின்றது. என்னிடமிருந்து கூண்டுச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். "உனக்கெதுக்கு இந்த வம்பு? அவா பாத்துப்பா" என்றார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார், "ஆமா, முயல் கறி எப்படித்தான் இருக்குமாம்?"

கத்திரி வெயிலில் பள்ளி மூடியிருந்தது. முயல்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். காவலாளி பார்க்கிறார் என்றார்கள். உங்களுக்கு இனி அந்தக் கவலை வேண்டாம் என்றும் சொன்னார்கள். மே மாதக் கடைசியில் ஆசிரியர் பயிற்சிக்காகப் போனபோது, உள்ளே நுழைந்ததும் நாற்றம் அடித்தது. காவலாளி வேறு ஆள், புதியவர். பின்பக்கம் முயல் இருப்பதாகவே தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். சாவி அலுவலகத்தில் இருந்தது. திரையை விலக்கினோம். வெள்ளையாகப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்ட முயல்கள் அத்தனையும் ஒரே மூலையில், தண்ணீர்ப் புட்டிக்குக் கீழே, ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தன. புட்டியின் குழாயைக் கடித்து வளைத்திருந்தன. அந்த நிலையிலும் கத்தியிருக்காது. கத்தியிருந்தாலும் கேட்க ஆளில்லை.

தாளாளர் அம்மா அப்போது மகன் வீட்டில் இருந்தார். போனில் கேட்டுவிட்டு, "அய்யோ பாவம்" என்றார். பிறகு, ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள அந்த இடத்தைக் கழுவிடுங்க என்றார்.

பள்ளி திறந்த நாள், முயல்கள் ஒரு பெரிய பண்ணைக்குப் போய்விட்டன, அங்கே நிறையப் புல் இருக்கிறது என்று வழிபாட்டில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பண்ணையில் முயல்கள் என்ற தலைப்பில் ஓவியப் போட்டி வைத்தார்கள். நான்காம் வகுப்புக்குப் போயிருந்த அந்த முதல் பெஞ்சுப் பெண்ணுக்குத்தான் முதல் பரிசு. நன்றாகத்தான் வரைந்திருந்தாள். வானவில், மலை, ஓடை, ஓடையோரம் வெள்ளை முயல்கள். நடைவழிச் சுவரில் மாட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். மாட்ட மாட்டேன் என்று மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். வேறொருவர் மாட்டினார்.

அந்த வாரமே ஆயாவைத் தேடிப் பெசன்ட் நகர் போய், குப்பத்துக்குள் விசாரித்துக்கொண்டு நடந்தேன். சாலையோரம் மீன் விற்கும் பெண்களோடு ஆயா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "வாங்க டீச்சர்" என்றார். பக்கத்தில் மகள் அரிவாள்மனைமேல் உட்கார்ந்து, ஒரு பெரியவருக்கு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சில மாதத்துக்குள் வளர்ந்துவிட்டாள்.

"ஸ்கூலுக்குப் போறியாம்மா?" என்றேன்.

"கார்ப்பரேசன் ஸ்கூல்" என்றாள் தலை நிமிராமல். மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துப் பக்கத்தில் போட்டாள். காத்திருந்த பூனை இழுத்துக்கொண்டு போனது. பிறகு அவளே கேட்டாள்.

"மிஸ், அந்த வெள்ள முயலுங்கோ இன்னா ஆச்சு?"

பண்ணையைச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. "செத்துப்போச்சும்மா. லீவுல தண்ணி வைக்க ஆளில்ல."

"எல்லாமே?"

"எல்லாமே."

அவள் கை நின்றது. "யாரும் துன்னலியா?"

"இல்ல."

"அப்ப சொம்மாவா செத்துச்சு?" என்றாள். பிறகு அடுத்த மீனை எடுத்துச் செதில் சீவ ஆரம்பித்தாள். செதில்கள் என் சேலைமேல் தெறித்தன. வேண்டுமென்றே செய்தாளா என்று எனக்குத் தெரியாது.

ஆயா எழுந்து என்னோடு சாலை முனைவரை வந்தார். புதிய பள்ளியில் அவளுக்கு எப்படி இருக்கிறது, புத்தகம், உடுப்பு ஏதாவது தேவையா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார்.

"கோச்சுக்காதீங்க டீச்சர். நீங்க நல்லவங்கதான். ஆனா இனிமே இங்க வராதீங்க. அந்த ஸ்கூல்காரங்க யாரப் பாத்தாலும் அது ரெண்டு நாளு சோறு துன்ன மாட்டேங்குது."

சரி என்றேன். அவர் திரும்பிப் போய்க் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து, வந்த ஆளிடம் மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினார். நான் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.